கடன் தீர்த்துவிட்டுக் கப்பலேறிய ராஜா: புனித லூயி பற்றி வாசகர் கேள்விகள்

ஆகஸ்ட் 25 பிரான்ஸ் மன்னர் புனித ஒன்பதாம் லூயியின் திருநாள். அவரைப் பற்றி வந்து சேர்ந்திருந்த கேள்விகளை இந்த இதழில் மொத்தமாக எடுத்துக்கொண்டோம்.

கே: பிரான்சில் லூயி என்ற பெயரில் ஒரு வரிசையே இருக்கிறது. வெர்சாய் அரண்மனையில் வாழ்ந்தவரும் லூயி, கில்லட்டினில் தலை போனவரும் லூயி. இதில் புனிதர் யார்?

ப: ஒன்பதாமவர். வெர்சாய்க்காரர் பதினான்காமவர், தலை இழந்தவர் பதினாறாமவர். இருவருமே புனித லூயியின் கடைசி மகன் ராபர்ட் வழி வந்தவர்கள்.

1214 ஏப்ரல் 25 அன்று பாரிசுக்கு அருகே புவாசி என்ற ஊரில் பிறந்தார். ஞானஸ்நானம் பெற்றதும் அங்கேதான். முடிசூடிய ரெய்ம்ஸ் நகரத்தைவிட அந்த ஊரையே பெரிதாக நினைத்து, நெருங்கியவர்களுக்கு எழுதும் கடிதங்களில் ‘புவாசி லூயி’ என்று கையெழுத்திடுவார். தந்தை எட்டாம் லூயி 1226 நவம்பரில் இறந்தார். அதே மாதம் 29-ம் தேதி, 12 வயதில் இவருக்கு முடிசூட்டினார்கள். ஆட்சியைத் தாய் பிளாஞ்ச் நடத்தினார். 1234-ல் புரோவான்ஸ் பிரபுவின் மகள் மார்கரெட்டை மணந்தார், 11 பிள்ளைகள். 1248 முதல் 1254 வரை சிலுவைப் போர்ப் பயணம். 1270-ல் இரண்டாவது பயணத்தில் துனிஸ் அருகே மரணம். 1297-ல் புனிதர் பட்டம்.

கே: பக்திமான் என்கிறார்கள். எல்லா ராஜாக்களும் கோயிலுக்குப் போனவர்கள்தானே? இவர் அப்படி என்ன கூடுதலாகச் செய்தார்?

ப: இதற்கு நல்ல சாட்சியங்கள் இருக்கின்றன. அரசரின் ஒப்புரவுக் குருவாக, அதாவது பாவசங்கீர்த்தனம் கேட்பவராக இருந்த தொமினிக்கன் துறவி ஜொஃப்ருவா எழுதி வைத்தார். மனைவியின் ஒப்புரவுக் குருவான பிரான்சிஸ்கன் துறவி கியோம், புனிதர் பட்ட விசாரணையின் வாக்குமூலங்களைப் படித்துத் தொகுத்தார். சிலுவைப் போரில் உடன் போன பிரபு ழுவான்வீல் எண்பது வயதைத் தாண்டியபின் தம் நினைவுகளை எழுதி 1309-ல் முடித்தார். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அரசரின் ஒரு நாள் ஓரளவு தெளிவாகவே தெரிகிறது.

நள்ளிரவில் எழுந்து குருக்களோடு செபம். திரும்பப் படுத்து, விடியலில் மீண்டும் செபம், பிறகு திருப்பலி. பயணத்தில் இருந்தால் குதிரை மேலேயே நேரத்துக்குரிய சங்கீதங்கள். மாலைச் செபத்துக்குப் பின் பிள்ளைகளோடு படுக்கைக்கு முந்தைய செபம். அதன்பின் அவர்களை உட்காரவைத்து, நல்ல ராஜாக்கள், கெட்ட ராஜாக்கள் கதைகளைச் சொல்வார். இரவில் ஏறத்தாழ மூன்றடி நீள மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி, அது எரியும் வரை வேதாகமம் வாசிப்பார். உறங்குமுன் 50 முறை முழந்தாளிட்டு எழுந்து, ஒவ்வொரு முறையும் ஒரு ‘அருள்நிறைந்த மரியே’.

வெள்ளிக்கிழமைதான் கடுமையான நாள். பாவசங்கீர்த்தனம் செய்து முடித்ததும், சிறு தந்தப் பெட்டியில் வைத்திருந்த ஐந்து மெல்லிய இரும்புச் சங்கிலிகளால் குருவிடம் அடி வாங்குவார். ஒரு குருவின் கை ரொம்பக் கனம். அரசருக்குத் தோல் மென்மை. அந்தக் குரு இறக்கும்வரை வாய் திறக்காதவர், பிறகு வந்தவரிடம் சிரித்தபடி அதைச் சொன்னாராம். தவத்துக்காக உடம்பை உறுத்தும் முரட்டு மயிராடையையும் அணிந்து பார்த்தார், உடம்பு தாங்கவில்லை. ஒப்புரவுக் குரு தடுக்க, அதற்கு ஈடாக ஏழைகளுக்கு இரகசியமாகப் பணம் கொடுக்கத் தொடங்கினார். வெள்ளியன்று சிரிப்பதில்லை. பிள்ளைகள் அன்று மட்டும் தலையில் ரோஜா மாலை அணியக் கூடாது. கிறிஸ்துவின் தலையில் முள் ஏறிய நாள் அது.

சாப்பாட்டிலும் இதே கதைதான். திராட்சை இரசத்தில் தண்ணீர் கலந்துதான் குடிப்பார். பீர் பிடிக்காது, குடிக்கும்போது முகத்திலேயே தெரியுமாம். தவக்காலத்தில் அதையே தேர்ந்தெடுத்துக் குடித்தார். அரண்மனையில் நாள்தோறும் 120 ஏழைகளுக்கு உணவு. சனிக்கிழமைகளில் மூன்று முதியவர்களின் காலைக் கழுவி முத்தமிடுவார், யாரும் பார்க்காத இடத்தில். ருவாயோமோன் மடத்தில் தொழுநோய் முற்றிய லெஜே என்ற துறவி தனிமையில் இருந்தார். அவருக்கு உணவைப் பிட்டு வாயில் ஊட்டியவர் அரசர்.

கே: கேலி செய்தவர்களே இல்லையா?

ப: நிறைய. சாரெத் என்ற பெண் அரண்மனைப் படிக்கட்டில் நின்று, நீர் துறவிகளுக்கும் குருக்களுக்கும்தான் ராஜா, உம்மை இன்னும் விரட்டாமல் வைத்திருப்பதே ஆச்சரியம் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். காவலர்கள் அடிக்கப் போக, அரசர் தடுத்து, நீ சொல்வது உண்மைதான், எனக்குத் தகுதியில்லை என்று சொல்லிக் காசு கொடுத்து அனுப்பினார்.

கே: தாய் பிளாஞ்ச் புனிதரை வளர்த்த தாய் என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். மாமியாராக எப்படி?

ப: தாயாக அவர் சாதித்தது பெரிது. காஸ்டிலியாவிலிருந்து வந்தவர், கணவர் போன கையோடு பிரபுக்களின் கலகத்தை அடக்கி, 1229-ல் தெற்கே நடந்த நீண்ட போரை ஒப்பந்தத்தில் முடித்து, நாட்டை மகன் கையில் முழுசாகக் கொடுத்தார். நீ சாவான பாவம் ஒன்று செய்வதைவிடச் செத்துப்போவதே எனக்குச் சம்மதம் என்று மகனிடம் சொல்லி வளர்த்தவர். (பிளாஞ்சின் அக்காள் பெரெங்கேலாவின் மகன்தான் காஸ்டிலியாவின் புனித பெர்னாந்து. இரு சகோதரிகளின் வயிற்றில் இரண்டு அரச புனிதர்கள்.)

மாமியாராக? கொடுமைதான். மருமகளோடு மகன் பகலில் நேரம் கழிப்பது அவருக்குப் பிடிக்காது. இளம் தம்பதிக்குப் பிடித்த இடம் பொந்துவாஸ் அரண்மனை. ஏனென்றால் அங்கே அரசரின் அறை மேலே, அரசியின் அறை கீழே, நடுவில் சுழல் படிக்கட்டு. இருவரும் அந்தப் படிக்கட்டில் சந்தித்துப் பேசுவார்கள். தாய் வருவதைப் பார்த்தால் வாயிற்காவலர்கள் கோலால் கதவைத் தட்டுவார்கள். அவரவர் அறைக்குள் ஓடிவிடுவார்கள். மார்கரெட் பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோதும் பிளாஞ்ச் மகனின் கையைப் பிடித்து இழுத்து வெளியேறச் சொன்னார். செத்தாலும் பிழைத்தாலும் என் புருஷனைப் பார்க்க விடமாட்டீர்களா என்று கத்திவிட்டு மார்கரெட் மயங்கி விழுந்தார்.

கணவராக லூயிக்கும் முழு மதிப்பெண் போட முடியாது. ஐந்து ஆண்டு கூடவே இருந்தேன், மனைவி மக்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை, இது நல்ல வழக்கமல்ல என்று ழுவான்வீலே எழுதுகிறார். அரசர் மேல் உயிரையே வைத்திருந்தவர் இப்படி எழுதினால் அது சாதாரணக் குறை அல்ல. மார்கரெட்டும் சும்மா இருப்பவர் அல்லர்: மூத்த மகன் பிலிப்பிடம், 30 வயது வரை என் சொற்படியே நடப்பேன் என்று சத்தியம் வாங்கி வைத்தார். விஷயம் தெரிந்ததும் அரசர் 1263-ல் திருத்தந்தையிடம் சொல்லி அந்தச் சத்தியத்தை நீக்கினார்.

கே: முள்முடியை விலைக்கு வாங்கினார் என்பது உண்மையா? திருப்பண்டங்களை விற்பது பாவம் இல்லையா?

ப: பாவம்தான், அதனால்தான் ‘விலை’ என்று யாரும் எழுதவில்லை. கான்ஸ்டான்டிநோபிளை ஆண்ட லத்தீன் பேரரசர் இரண்டாம் பால்துவின் கஜானாவில் காசில்லை. அவருடைய ஆட்கள் முள்முடியை வெனிஸ் வணிகரிடம் அடகு வைத்துவிட்டார்கள். பிரான்சுக்கு வந்த பால்துவின் அதை லூயிக்குத் தருவதாகச் சொன்னார். லூயி அடகை மீட்டார். பொருள் ‘அன்பளிப்பு’, பணம் ‘கடன் அடைப்பு’. ஆவணப்படி எல்லாம் சுத்தம்.

தொகை 1,35,000 லிவ்ர். ஒரு லிவ்ர் என்பது 20 சூ, அதாவது 240 தெனியே. பிரான்ஸ் அரசின் ஓராண்டு வருமானம் அப்போது சுமார் இரண்டரை லட்சம் லிவ்ர். அதில் பாதிக்கும் மேல் ஒரு முடிக்குப் போனது. 1239 ஆகஸ்டில் அது வந்தபோது அரசர் சான்ஸ் நகர் வரை எதிர்கொண்டு போய், சட்டையோடு, வெறுங்காலோடு, தம்பி ராபர்ட்டும் தாமுமாகத் தோளில் சுமந்து வந்தார்கள். அதை வைக்கக் கட்டியதுதான் பாரிசின் சான்த்-ஷாப்பெல். 1248 ஏப்ரல் 26 அன்று அபிஷேகம் செய்யப்பட்டது. கட்டடச் செலவு 40,000 லிவ்ர்தான். உள்ளே வைத்த பொருளின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பக்தியோடு அரசியலும் கலந்திருந்தது. கிறிஸ்துவின் முடி பாரிசில் இருக்கிறது என்றால், பிரான்ஸ் மன்னரின் இடம் எது என்று மற்ற அரசர்களுக்குப் புரிந்துவிடும்.

கே: இவ்வளவு பக்தி இருந்தும் சிலுவைப் போரில் ஏன் தோற்றார்? கடவுள் கைவிட்டாரா?

ப: அரசரும் அதையேதான் கேட்டுக்கொண்டார், தம் பாவமே காரணம் என்று முடிவு கட்டினார். நாம் தரையில் நடந்ததைப் பார்ப்போம்.

1244 டிசம்பரில் பொந்துவாஸில் கடும் நோய். இறந்துவிட்டார் என்று முகத்தை மூடப் போனார்கள். கண் விழித்ததும் சிலுவைப் போருக்கு நேர்ந்துகொண்டார். நான்கு ஆண்டு தயாரிப்பு. மத்தியதரைக் கடலில் அரசருக்குச் சொந்தமான துறைமுகமே இல்லாததால் சதுப்பு நிலத்தில் எக்-மோர்த்தை உருவாக்கினார். சைப்ரசில் தானியமும் திராட்சை இரசமும் முன்கூட்டியே மலைபோல் குவித்து வைத்திருந்தார்கள். 1249 ஜூன் 5-ல் எகிப்தின் தமியெத்தா கரையில் இறங்கினார்கள். மார்பளவு தண்ணீரில் முதலாவதாகக் குதித்தவர்களில் அரசரும் ஒருவர். மறுநாளே நகரம் கையில்.

தவறு இங்கிருந்து தொடங்குகிறது. நைல் நதியின் வெள்ளம் வடியவும், தம்பி அல்ஃபோன்ஸ் வந்து சேரவும் நவம்பர் வரை காத்திருந்தார்கள். படை சோம்பியது, எதிரி தேறினான். அடுத்து எங்கே? துறைமுகமான அலெக்சாந்திரியாவைப் பிடித்தால் உணவு கப்பலில் வரும் என்று பெரும்பாலான பிரபுக்கள் சொன்னார்கள். பாம்பைக் கொல்ல வேண்டுமானால் தலையை நசுக்கு, கெய்ரோவுக்குப் போவோம் என்றார் தம்பி ராபர்ட். அரசர் தம்பி பக்கம் சாய்ந்தார்.

1250 பிப்ரவரி 8, மன்சூரா. ஆற்றைக் கடக்கும் துறையை ஒரு பெதூயின் (பாலைவன நாடோடி) 500 பெசன்ட் பொற்காசு வாங்கிக்கொண்டு காட்டினான். முன்னணிப் படை கரையேறி, அரசர் வரும் வரை நிற்க வேண்டும், கட்டளை அது. ராபர்ட் நிற்கவில்லை. நகருக்குள் குதிரையை விட்டார், ஆலயக் காவல் வீரர்களும் (டெம்ப்ளர் எனப்படும் துறவறப் போர்வீரர்கள்) வேறு வழியின்றிப் பின்தொடர்ந்தார்கள். குறுகிய சந்துகளில் குதிரைப்படை என்ன செய்யும்? வீட்டு மாடிகளிலிருந்து கட்டையும் கல்லும் விழுந்தன. ராபர்ட் மடிந்தார், ஆலயக் காவலர்களில் மட்டும் 280 பேர் போனார்கள்.

அன்றே திரும்பியிருந்தால் படை பிழைத்திருக்கும். இரண்டு மாதம் அங்கேயே கிடந்தார்கள். எகிப்தியர் கப்பல்களைத் தரைவழியே கொண்டுபோய்க் கீழே நைலில் இறக்கி, தமியெத்தாவிலிருந்து வந்த உணவுப் படகுகளை மறித்தார்கள். தவக்காலம் வேறு, கிடைத்தது ஆற்று மீன் மட்டும். காலின் சதை வற்றி, தோலில் கரும்புள்ளி படர்ந்து, ஈறு அழுகியது. நாவிதர்கள் அழுகிய சதையை வெட்டினால்தான் வாயில் உணவு போனது. இன்று படிப்பவர்களுக்கு இது ஸ்கர்வி, அதாவது புது காய்கனி இல்லாததால் வரும் நோய் என்று தெரியும். அரசருக்கு அதோடு வயிற்றுக்கடுப்பு. ஒருநாளில் பலமுறை எழ வேண்டியிருந்ததால் காற்சட்டையின் பின்புறத்தை வெட்டிவிட்டார்கள். படகில் தப்பிப் போங்கள் என்றார்கள். படையை விட்டு வரமாட்டேன் என்றார். ஏப்ரலில் படையோடு சிறைப்பட்டார்.

மீட்புத் தொகை 4,00,000 லிவ்ர். அரசரின் சொந்த உடலுக்கு ஈடாகத் தமியெத்தா நகரம். அரசனைக் காசுக்கு விற்பதில்லை என்று அவரே பிரித்துச் சொன்னார். வாக்கு மீறினால் கிறிஸ்துவை மறுதலித்தவன் ஆவேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். தலையை வெட்டுவதாக மிரட்டியும் அந்த வார்த்தையைச் சொல்ல மறுத்தார். பாதித் தொகையைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். ஒரு நிறை 10,000 லிவ்ர். ஒரு நிறையை ஏமாற்றிவிட்டோம் என்று ஒரு பிரபு பெருமையாகச் சொன்னதும் அரசருக்கு வந்த கோபம்! அதைத் திருப்பிக் கொடுத்தபின்தான் கப்பல் நகர்ந்தது.

கே: சமூகநீதி, நல்லாட்சி என்று அவரைப் புகழ்வது மிகையா? மரத்தடியில் தீர்ப்புச் சொன்ன கதையைத் தாண்டி ஏதாவது உண்டா?

ப: மரத்தடிக் கதை உண்மை. கோடையில் திருப்பலி முடிந்து வான்சென் காட்டில் ஒரு ஓக் மரத்தில் சாய்ந்து உட்காருவார், வழக்கு உள்ளவர் யாரும் தடையின்றி வரலாம் என்பதை ழுவான்வீல் பலமுறை நேரில் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தப் படம் அழகாக இருப்பதாலேயே உண்மையான வேலையை மறைத்துவிடுகிறது. நாடு முழுவதையும் ஒரு மரத்தடியில் ஆள முடியாது.

வேலை 1247-ல் தொடங்கியது. சிலுவைப் போருக்குப் போகிறவன் கடனோடு போகக் கூடாது என்பது அவர் எண்ணம். பணக்கடன் மட்டுமல்ல, தம் பெயரிலும் தம் முன்னோர் பெயரிலும் அதிகாரிகள் பறித்த நிலம், குதிரை, தானியம், நியாயமில்லாத அபராதம் எல்லாமே கடன். எனவே விசாரணையாளர்களை மாவட்டம் மாவட்டமாக அனுப்பினார். பெரும்பாலும் பிரான்சிஸ்கன், தொமினிக்கன் துறவிகள். சொத்து இல்லாதவனுக்கு இலஞ்சம் கொடுப்பது கஷ்டம் அல்லவா? அவர்கள் ஊரில் உட்கார்ந்து, அரச அதிகாரிமேல் யாருக்கு என்ன குறை என்று கேட்டு எழுதுவார்கள். நிரூபணமானால் பொருளைத் திருப்பித் தருவார்கள். அந்தப் பதிவேடுகளில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. பெயர் தெரியாத விவசாயிகள், விதவைகள் அரசர்மேல் கொடுத்த புகார்கள் அவை.

1254-ல் திரும்பி வந்தபோது தென் பிரான்சில் ஊக் என்ற பிரான்சிஸ்கன் துறவியின் பிரசங்கம் கேட்டார். நீதி தவறியதால் தவிர வேறெதனாலும் எந்த அரசும் கைமாறியதில்லை என்பது அதன் சாரம். அந்த டிசம்பரில் வந்தது பெரும் ஆணை. அதிகாரி பதவியேற்கும்போது பொதுமன்றத்தில் சத்தியம் செய்ய வேண்டும். பழம், இரசம் போன்ற பண்டங்கள் 10 சூ மதிப்புக்கு மேல் வாங்கக் கூடாது. மனைவி மக்களும் வாங்கக் கூடாது. தன் எல்லைக்குள் நிலம் வாங்கக் கூடாது, பிள்ளைகளுக்கு அங்கே சம்பந்தம் பேசக் கூடாது. சூதாட்டம், தேவ நிந்தனை கூடாது. மிகக் கூர்மையான விதி கடைசியில் இருக்கிறது: பதவிக்காலம் முடிந்தபின்னும் பல வாரம் அதே ஊரில் தங்கியிருக்க வேண்டும், புகார் கொடுக்க நினைப்பவர்கள் பயமின்றிக் கொடுக்கும்படி. அதிகாரம் கையில் இருக்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பதை ஆணை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

பாரிசில் நோய் வேறு. நகரத் தலைமை அதிகாரி பதவியே ஏலத்தில் போனது. ஏலம் எடுத்தவன் போட்ட பணத்தை மக்களிடம் கறந்தான். 1261 வாக்கில் அரசர் ஏலத்தை நிறுத்தி, எத்தியேன் புவாலோ என்பவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். நகரின் தொழில் சங்கங்களின் விதிகளையெல்லாம் எழுத்தில் ஏற்றியவர் இவர்தான். இன்னொன்று: இருவர் வாளெடுத்து மோதி, வென்றவன் பக்கம் நியாயம் என்ற பழைய வழக்கத்தைத் தம் நேரடி ஆட்சிப் பகுதியில் தடை செய்து சாட்சி விசாரணையை வைத்தார். பிரபுக்களுக்கு எரிச்சல். பெரும் பிரபு ஆங்கெரான் தெ கூசி, தன் காட்டில் நுழைந்த மூன்று பையன்களை விசாரணையின்றித் தூக்கிலிட்டபோது, அவரையே சிறையில் அடைத்துப் பெரும் அபராதம் போட்டார்.

எங்கள் கணிப்பில் லூயியின் பக்தியை அளக்க முள்முடியைவிட இந்தப் புகார்ப் பதிவேடுகளே சரியான அளவுகோல். பாவசங்கீர்த்தனத்தில் மனம் வருந்தினால் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மறைக்கல்வியில் படிக்கிறோமே, அதை ஒரு நாட்டின் நிர்வாகமாகவே மாற்றினார்.

கே: ஆயர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியிருப்பார், இல்லையா?

ப: இல்லை. ஓசேர் ஆயர் கீ மற்ற ஆயர்களின் சார்பில் வந்து, திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர்கள் அலட்சியமாகத் திரிகிறார்கள், ஓராண்டு ஒருநாள் ஆகியும் மன்னிப்பு பெறாதவர்களின் சொத்தை அரசு பறிமுதல் செய்ய வேண்டும் என்று கேட்டார். செய்கிறேன், ஆனால் ஒவ்வொரு வழக்கிலும் தண்டனை நியாயமானதா என்று நான் விசாரிப்பேன் என்றார் அரசர். ஆன்மிக விஷயத்தில் அரசருக்கு அதிகாரமில்லை என்றார்கள் ஆயர்கள். அப்படியானால் முடியாது என்று சொல்லி, பிரித்தானி பிரபு ஏழு ஆண்டு விலக்கப்பட்டிருந்து கடைசியில் ரோமாபுரியில் அவர் பக்கமே தீர்ப்பானதை எடுத்துக்காட்டினார். முதல் ஆண்டே நான் சொத்தைப் பறித்திருந்தால் அநியாயம் செய்தவன் ஆகியிருப்பேன் என்றார்.

கே: யூதர்களின் நூல்களை எரித்தவர் எப்படிப் புனிதர்?

ப: நடந்தது இது. யூதராக இருந்து மதம் மாறிய நிக்கோலா தொனின் என்பவர் யூதர்களின் மறைச்சட்ட விளக்கங்களான தல்மூத் நூல்களின் மேல் குற்றம் சாட்ட, திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி பல நாட்டு அரசர்களுக்கும் அவற்றைக் கைப்பற்றச் சொல்லி எழுதினார். முனைந்து நிறைவேற்றிய அரசர் லூயி ஒருவரே. 1240-ல் பாரிசில் விசாரணை. யூதர்களின் மத ஆசிரியர் ரப்பி யெஹியேல் வாதாடினார். 1242-ல் 20 வண்டிக்குக் குறையாத கையெழுத்துப் பிரதிகள் எரிந்தன. அச்சு இல்லாத காலத்தில் அது எத்தனை தலைமுறை உழைப்பு என்று நினைத்துப் பாருங்கள். 1269-ல் யூதர்கள் உடையில் வட்டத் துணி அடையாளம் தைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். தேவ நிந்தனை செய்த பாரிஸ்காரர் ஒருவரின் உதட்டில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடவைத்தார். உடலைச் சிதைக்கும் தண்டனை வேண்டாம் என்று திருத்தந்தை நான்காம் கிளமெந்துவே 1268-ல் தடுத்து எழுத வேண்டி வந்தது.

அந்தக் காலம் அப்படி என்று கடந்துபோவது பலருக்கு வசதி. எங்களுக்கு அது போதவில்லை. மற்ற அரசர்கள் அதே காலத்தில்தான் இருந்தார்கள், அதே கடிதத்தைப் பெற்றார்கள். நல்ல லூயி, கெட்ட லூயி என்று இருவர் இல்லை. தம் ஆட்சியில் நடக்கும் ஒவ்வொரு பாவத்துக்கும் கடவுள் முன் நானே கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஒரே மனசாட்சிதான் விதவையின் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது, ரப்பியின் நூலையும் எரித்தது. புனிதர் பட்டம் ஒருவரின் எல்லாச் செயலுக்கும் முத்திரை அல்ல என்பதே திருச்சபையின் நிலையும்.

கே: போரில் வென்ற நிலத்தை இங்கிலாந்துக்குத் திருப்பிக் கொடுத்தாராமே?

ப: ஒரு பகுதியை. 1259-ல் முடிந்த பாரிஸ் ஒப்பந்தத்தில் லிமூசன், பெரிகோர் பகுதிகளில் சில உரிமைகளை இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு ஹென்றி நார்மண்டி, ஆஞ்சு, புவாத்து எல்லாவற்றின் மேலும் உரிமையைக் கைவிட்டு, தென்மேற்கு நிலங்களுக்காக லூயி முன் மண்டியிட்டு விசுவாசம் கூறினார். ஆலோசகர்கள் முணுமுணுத்தபோது, எங்கள் மனைவிகள் அக்காள் தங்கை, எங்கள் பிள்ளைகள் ஒன்றுவிட்ட சகோதரர்கள், அவர்களுக்குள் அன்பு இருக்கட்டும், அதோடு இதுவரை இல்லாத வகையில் அவர் இப்போது என் ஆள் என்றார். சமாதானமும் ஆயிற்று, இலாபமும் ஆயிற்று. ஆனால் ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்கு மண்டியிடும் ஏற்பாடு அடுத்த தலைமுறைகளில் உறுத்திக்கொண்டே இருந்து, இரு நாடுகளுக்கும் இடையே மூண்ட நூறாண்டுப் போருக்கு ஒரு காரணமும் ஆனது.

கே: இரண்டாம் முறை ஏன் துனிசுக்குப் போனார்? எருசலேம் எங்கே, துனிஸ் எங்கே!

ப: துனிஸ் அமீர் மனம் மாறி ஞானஸ்நானம் பெறுவார் என்ற நம்பிக்கை முக்கியக் காரணம். சிசிலியை ஆண்ட தம்பி சார்லசுக்கும் துனிஸ்மேல் கண் இருந்தது. நெருங்கியவர்களே தடுத்தார்கள். ழுவான்வீல் கூடப் போக மறுத்துவிட்டார். முன்பு நான் கடல் கடந்திருந்தபோது அதிகாரிகள் என் மக்களைச் சூறையாடினார்கள், இப்போது இங்கே இருந்து அவர்களைக் காப்பதே கடவுளுக்குப் பிரியம் என்றார். அரசரால் அப்போது கவசம் அணியவோ, நெடுநேரம் குதிரை ஏறவோ முடியாது. அந்த உடம்பைப் பார்த்த பிறகும் அரசரைப் போகச் சொன்னவர்கள் சாவான பாவம் செய்தார்கள் என்று ழுவான்வீல் எழுதியிருக்கிறார்.

1270 ஜூலையில் கார்த்தேஜ் அருகே பாளையம். உச்ச வெயில், நல்ல தண்ணீர் இல்லை, வயிற்றுக்கடுப்பு பரவியது. முந்தைய பயணத்தில் தமியெத்தாவில் பிறந்த மகன் ழான் திரிஸ்தான் ஆகஸ்ட் 3-ல் இறந்தார். ஆகஸ்ட் 25 பிற்பகலில், சாம்பல் பரப்பிய படுக்கையில், அரசர். தம்பி சார்லசின் கப்பல்கள் அன்றுதான் கரை சேர்ந்தன.

உடலை அந்த வெயிலில் பிரான்சுக்குக் கொண்டுபோக முடியாது. அக்கால வழக்கப்படி தண்ணீரும் திராட்சை இரசமும் கலந்து கொதிக்கவைத்து எலும்பைப் பிரித்தார்கள். சதையும் குடலும் சிசிலியின் மொன்ரேயாலே பேராலயத்துக்குப் போயின. எலும்புகள் இத்தாலி வழியாக வந்து 1271 மே 22 அன்று பாரிசுக்கு அருகே, பிரான்ஸ் அரசர்களின் கல்லறை ஆலயமான சான்-தெனியில் அடக்கம் ஆயின. 1282-ல் தொடங்கிய விசாரணையில் 300-க்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள், ழுவான்வீலும் ஒருவர். 1297 ஆகஸ்ட் 11 அன்று எட்டாம் போனிஃபாஸ் புனிதராக அறிவித்தார்.

கே: பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில், அதாவது பொதுநிலையினருக்கான கிளையில், சேர்ந்தவரா?

ப: சபையின் மரபு அப்படிச் சொல்கிறது. ஹங்கேரியின் புனித எலிசபெத்தோடு சேர்த்து அவரைப் பாதுகாவலராகவும் வைத்திருக்கிறது. மேலே சொன்ன மூன்று சாட்சிகளின் எழுத்தில் அவர் சேர்ந்ததாகச் செய்தி இல்லை. துறவிகளோடு நெருக்கம் இருந்தது மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

கே: பாரிஸ் போகும் வாய்ப்பு இருக்கிறது. அவர் தொடர்புடைய எதையெல்லாம் பார்க்கலாம்?

ப: முதலில் சான்த்-ஷாப்பெல். மேல் மாடியில் ஏறத்தாழ 15 மீட்டர் உயரக் கண்ணாடிச் சன்னல்கள் 15, அவற்றில் 1,113 காட்சிகள். முள்முடி வந்த கதையும் ஒரு சன்னலில் இருக்கிறது. கண்ணாடி என்பதால் மேகமூட்டமான நாளில் பாதி அழகு போய்விடும்; வெயில் நாளாகப் பார்த்துப் போங்கள். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் நுழைவில் சோதனை உண்டு, வரிசை நீளும்.

முள்முடி இப்போது அங்கே இல்லை. 1806 முதல் நோத்ருதாம் பேராலயத்தின் பொறுப்பில் இருக்கிறது. 2019 ஏப்ரல் 15 தீ விபத்தில் அதையும், புனித லூயியின் சட்டை என்று போற்றப்படும் துணியையும் காப்பாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். 2024 டிசம்பரில் முடி பேராலயத்துக்குத் திரும்பியது. வணக்கத்துக்கு வைப்பது பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். எந்த வெள்ளி, எத்தனை மணி என்பது மாறும் என்பதால் பேராலய அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.

சான்-தெனியில் அரச கல்லறைகள் இருக்கின்றன, ஆனால் லூயியின் பழைய கல்லறை எஞ்சவில்லை. நேரமிருந்தால் கிழக்குப் புறநகரில் வான்சென், கோட்டை பிற்காலத்தது. 1260 வாக்கில் 300 பார்வையற்றவர்களுக்காக அவர் நிறுவிய கேன்ஸ்-வான் இல்லமும் தொடர்கிறது. 18-ம் நூற்றாண்டில் இடம் மாறி, இன்று பஸ்தீல் அருகே கண் மருத்துவமனையாக இயங்குகிறது. அது வேலை நடக்கும் ஆஸ்பத்திரி, சுற்றிப் பார்க்கும் இடம் அல்ல, வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.